மாப்பிள்ளைக்கு வாங்கிய மழைச்சட்டை

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், மாமனாரும் மருமகனும் போனில் உட்கார்ந்துவிடுவார்கள். மறுநாள் காலை சைக்கிளில் போகும்போது என்ன போட்டுக்கொள்வது என்பதுதான் பேச்சு. மழை எந்நேரம் பிடிக்கும், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், உள்சட்டை மெல்லிய கம்பளியா நைலானா, மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டே கிளம்புவதா, சுருட்டி முதுகுப் பாக்கெட்டில் செருகிக்கொள்வதா என்று ஒவ்வொன்றாக எடுத்து அலசுவார்கள். கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன கூட்டம்கூட அதற்குள் பில் போட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கும்.

ஒருவருக்கு மகளும் மற்றவருக்கு மனைவியுமான அவள் அதே அறையில்தான் இருப்பாள். போன வாரம் சேறும் தண்ணியுமாக வந்த இருவர் உருப்படிகளையும் துவைத்து, பிழியாமல் தொங்கவிட்டு, ஹீட்டர் பக்கத்தில் உலர்த்தி, இப்போது மடித்துக்கொண்டிருப்பது அவள்தானே. மடித்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பாள். கணவர் சிரிப்பார். அந்தப் பக்கம் அப்பாவும் சிரிக்கிறார் என்று தெரியும். அவள் போன் செய்தால் அப்பா சிரித்து அவளுக்கு ஞாபகமில்லை. "சாப்டியா பாப்பா? வேலையெல்லாம் சரியா இருக்கா? சரி, வச்சிடட்டுமா?" என்பார். அவள் பதில் சொல்வதற்குள் வைத்தும்விடுவார். நாற்பத்து நாலு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான். பாப்பாவிடம் பேச அவருக்கு விஷயம் ஒன்றும் கிடையாது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்துத் தெருவில் தனியாக இருந்தார். அம்மா போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. அந்த வட்டாரத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, லிஃப்ட்காரர்தான். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சைக்கிள் பைத்தியம். வளைந்த ஹேண்டில்பார், ஒல்லிச் சக்கரம் வைத்த ரோடு சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வெயிலோ மழையோ, விடிந்ததும் கிளம்பிவிடுவார்.

அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு மழைக்காலையில், "அப்பா, நானும் வரட்டா?" என்று கேட்டாள். அவர் குனிந்து ஷூவின் மேல் உறையை இழுத்துவிட்டுக்கொண்டே, "குளிரும் பாப்பா, உள்ள போ" என்றார். அவள் உள்ளே போய் ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்தாள். அடுத்த மாதமே முன்னால் கூடை வைத்த ஒரு சைக்கிளை வாங்கிக் கொடுத்தார். பள்ளிக்கூடம் போய்வர. அதோடு அவர் கணக்கில் விஷயம் முடிந்துவிட்டது. அவளுக்கு முடியவில்லை.

பிறகு அவளுக்குக் கல்யாணமாயிற்று. வந்த மாப்பிள்ளை பஸ் டிப்போவில் எந்த டிரைவருக்கு எந்த வண்டி என்று ஷிப்ட் போடுகிறவர். நாற்காலியிலேயே உட்கார்ந்து தொப்பை போட்டிருந்தார். சைக்கிள் கையில் இருந்தாலும் ஏறாமல் தள்ளிக்கொண்டுதான் போவார். ஒரு வருஷம் போகவில்லை, அப்பா தன்னுடைய பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்துவந்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். அடுத்த வாரமே துணி வாங்கக் கடைக்குக் கூட்டிப் போனார். பை தூக்க அவளும் போனாள்.

அன்றைக்குப் பார்த்ததுதான் அவளுக்கு இன்னும் மனசில் முள்ளாகக் கிடக்கிறது. அப்பா மாப்பிள்ளையை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, தான் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவர் காலில் ஷூ உறையை மாட்டி, கணுக்காலைச் சுற்றி விரல்விட்டுப் பார்த்தார். "இங்க இடுக்கு இருந்தா தண்ணி இறங்கிடும் மாப்பிள்ளை. பருத்தி பனியன் போட்டுடாதீங்க, ஈரத்தைக் குடிச்சிட்டு உடம்போட ஒட்டிக்கும். கிளம்பும்போது கொஞ்சம் குளிரணும். கிளம்பும்போதே கதகதன்னு இருந்தா, போட்டது ஜாஸ்தின்னு அர்த்தம்." அவ்வளவு நீளமாக அப்பா பேசி அவள் அதுவரை கேட்டதே இல்லை. கணவர் கூச்சத்தில் நெளிந்தார். அவள் பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. மகள் வளர்ந்து, படிக்க வெளியூர் போய், ஹாஸ்டலில் இருந்தாள். கணவரின் தொப்பை கரைந்து, கால் ரெண்டும் கயிறு முறுக்கியதுபோல் ஆகிவிட்டது. அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அப்பா ஒரு சிவப்பு மழைச்சட்டை வாங்கிக் கொடுத்தார். கொட்டுகிற மழையிலும் ஒரு சொட்டு உள்ளே இறங்காத உசத்தி ரகம், தையலுக்கெல்லாம் உள்பக்கம் பட்டை ஒட்டியது. அவள் பிறந்தநாளுக்கு வருவது உறை. உள்ளே பணம், மேலே "உனக்குப் பிடிச்சதை வாங்கிக்கோ" என்று எழுதியிருக்கும். எது பிடிக்கும் என்று யோசிக்கிற வேலையையும் அவளிடமே விட்டுவிடுவார்.

அந்தச் சிவப்புச் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும். எரிச்சலோடு துவைத்தாலும் ஒழுங்காகத்தான் துவைப்பாள். அவள் வேலை அப்படி. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். கை ஒடிந்தவர், தோள் இறங்கியவர் என்று நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள். வலிக்காமல் சட்டையைக் கழற்றவும், படம் எடுத்து முடித்ததும் பொத்தான் போட்டுவிடவும் அவள் கைக்குப் பழக்கம். "எக்ஸ்ரேக்காரிகிட்ட எதையும் மறைக்க முடியாது" என்று கணவர் கிண்டல் செய்வார். சொல்லிவிட்டு ஏனோ வேறு பக்கம் பார்ப்பார்.

இன்னொன்றும் அவளுக்குப் பொறுக்காது. சைக்கிள் சுற்றி முடித்து இரண்டு பேரும் அவள் வீட்டுக்குத்தான் காபிக்கு வருவார்கள். ஆனால் நேராக மேலே வரமாட்டார்கள். மாடிப்படிக்கு அடியில் வெகுநேரம் நிற்பார்கள். குசுகுசுவென்று பேச்சு கேட்கும், சில நாள் சிரிப்பும். அப்புறம்தான் காலிங் பெல் அடிக்கும். அதற்குள் அப்பா மழைச்சட்டை, கையுறை எல்லாம் கழற்றி, தலையைத் துடைத்து, பளிச்சென்று நிற்பார். அவள் கதவைத் திறந்தால் பேச்சு நின்றுவிடும். தன் வீட்டு வாசலில், தன்னைப் பெற்றவரும் தனக்கு வாய்த்தவரும் சேர்ந்துகொண்டு தன்னை வெளியாள் ஆக்கிவிட்டதாக அவளுக்குத் தோன்றும்.

மகள் ஹாஸ்டலுக்குப் போனபின் அவள் கணவருடைய பழைய சைக்கிளை எடுத்து, தினமும் ஆஸ்பத்திரிக்கு அதிலேயே போய்வர ஆரம்பித்திருந்தாள். உயரத்தில் இருவரும் ஒன்றுதான், சீட்டைக்கூடத் தாழ்த்த வேண்டியிருக்கவில்லை. அப்பா ஒருநாள் தெருவில் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று நின்றாள். "செயினுக்கு எண்ணெய் போடு" என்றார். அவ்வளவுதான்.

குளிரும் மழையும் சேர்ந்து ஊரை நசநசக்க வைத்த ஒரு சனிக்கிழமை, கணவருக்குக் கடைவாய்ப்பல் வலி கிளம்பிவிட்டது. கன்னம் பன்னாக உப்பிவிட்டது. பல் டாக்டர் மாத்திரை கொடுத்து, வீக்கம் வற்றியதும் பிடுங்கலாம் என்று அனுப்பிவிட்டார். அன்றைக்குப் போன் பேச்சு நடக்கவில்லை. நடந்திருந்தாலும் அவர் பேசுவது யாருக்கும் புரிந்திருக்காது.

"நாளைக்கு அப்பாகூட நான் போறேன்" என்றாள் அவள்.

கணவர் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மழை, வழுக்கும், ஏற்றம் கஷ்டம் என்று ஒவ்வொரு சாக்காகச் சொன்னார். அப்படியென்றால் அப்பா தனியாகப் போகட்டும் என்று அவள் விட்டுப் பார்த்தாள். அதுவும் கூடாது, மாமா தனியாகப் போகவே கூடாது என்று பதறினார். போகவும் கூடாது, கூட ஆள் வரவும் கூடாது என்றால் என்ன அர்த்தம்? தன் இடத்தில் இன்னொருத்தி உட்காருவது இவருக்குப் பொறுக்கவில்லை என்றுதான் அவளுக்குப் பட்டது. உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம்கூட வந்தது.

கடைசியில் அவர் வீங்கிய வாயால், "சரி, போ. ஆனா இன்னொரு ஜோடி கிளவுஸ் எடுத்துப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிக்கோ. மாமாவுக்கு" என்றார்.

"எங்கப்பாவுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?" என்றாள்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

விடிந்ததும் அவள் அலமாரியைத் திறந்தாள். வெளியே பிசுபிசுவென்று தூறல், நல்ல குளிர். இந்த மாதிரி நாளுக்கு என்ன போடவேண்டும் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. எத்தனை சனிக்கிழமை கேட்டிருக்கிறாள். கம்பளி உள்சட்டையை எடுத்தாள். தோளில் பட்டை வைத்த நீளக் கால்சட்டை இடுப்பில் கொஞ்சம் தொளதொளத்தாலும் பரவாயில்லை. ஹெல்மெட்டுக்குள் போட, கண்ணில் தண்ணி விழாமலிருக்க முன்னால் நீட்டிய மெல்லிய தொப்பி. ஷூ உறை. கழுத்துக்கு ஒரு துணிக் குழாய். மேலே போட, காற்றை மட்டும் தடுக்கிற லேசான சட்டை ஒன்று தொங்கியது. தூறலுக்கு அது போதும், ஏற்றத்தில் வேர்க்காது. அதில் கை வைத்தவள், பக்கத்தில் தொங்கிய சிவப்புச் சட்டையைப் பார்த்தாள்.

அதைத்தான் எடுத்தாள். வானத்தைப் பார்த்து எடுத்த சட்டை இல்லை அது. அப்பா கையால் தேர்ந்தெடுத்தது ஒரு நாளாவது தன் உடம்பில் இருக்கட்டும் என்று எடுத்தது. மாற்றுக் கையுறை பீரோ மேலேயே கிடந்தது. அதைத் தொடவில்லை.

அப்பா அவர் வீட்டு வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றிருந்தார். தூரத்தில் சிவப்பைக் கண்டதும் கையைத் தூக்கினார். கிட்டே வந்ததும் கை இறங்கிவிட்டது.

"மாப்பிள்ளை வரலையா?"

பல்வலி, நான்தான் வந்திருக்கிறேன் என்றாள். அவர் தெருவை ஒருமுறை பார்த்தார். திரும்பி உள்ளே போய்விடுவாரோ என்று அவள் நினைத்தாள். போகவில்லை. அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, அது இறங்கும்போது போடுகிற சட்டை, ஏற்றத்தில் சுருட்டிப் பின்னால் வைக்கவேண்டும், இப்போதே கழற்று என்றார். எனக்குக் குளிர்கிறது என்று பொய் சொன்னாள். "சரி" என்று மிதிக்க ஆரம்பித்தார்.

கிடங்குகள் வரிசையாக நின்ற சாலையைத் தாண்டி, கால்வாய்க் கரையோடு போய், குன்றுக்கு ஏறும் பாதையைப் பிடித்தார்கள். அவள் முன்னால், அவர் பின்னால். அவர் ஏதாவது பேசுவார் என்று அவள் காத்திருந்தாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக இந்த இருவரும் பேசித் தீர்க்கிற அந்தப் பேச்சு என்னவென்று இன்றைக்குத் தெரிந்துவிடும் என்றிருந்தாள். ஒன்றும் வரவில்லை. சக்கரம் தண்ணியைச் சீவுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் என்பதால் பேசவில்லை, மாப்பிள்ளை என்றால் பேசியிருப்பார் என்று நினைத்து, அந்தக் கோபத்திலேயே மிதித்தாள்.

பாதி ஏற்றத்தில் சிவப்புச் சட்டை இட்லிப் பானையாகிவிட்டது. வெளியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே வரவில்லை என்பது உண்மைதான். உள்ளிருந்து ஒரு சொட்டு வெளியேயும் போகவில்லை. முதுகிலும் கையிலும் வேர்வை ஓடியது. கழற்றினால் அப்பா சொன்னது சரியென்று ஆகிவிடுமே. கழுத்து ஜிப்பைக்கூட இறக்காமல் ஏறினாள்.

உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கே தூறல் கனத்து மழையாகியிருந்தது. காற்று வேறு. அவர் தொட்டிச் சுவரில் சைக்கிளைச் சாய்த்தார். மழைச்சட்டையை எடுக்கக் கையைப் பின்னால் கொண்டுபோனவர், அவள் பார்ப்பதைக் கண்டதும் நிறுத்திவிட்டு, "நீ முன்னால இறங்கு. நான் வர்றேன்" என்றார்.

சேர்ந்து போகலாமே என்றாள். "சொன்னதைக் கேளு பாப்பா" என்றார். குரலில் ஒரு கடுப்பு. ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்ற பத்து வயது அவளுக்குள் திரும்ப வந்துவிட்டது. சைக்கிளைத் திருப்பி இறங்கினாள்.

சற்றுக் கீழே நெடுஞ்சாலை வந்து சேருகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அதன் கூரைக்குக் கீழ் நின்று காத்திருந்தாள். வேர்த்த உடம்பு இறக்கத்துக் காற்றில் ஜில்லிட ஆரம்பித்தது. அவர் வரவில்லை. ஒரு லாரி போயிற்று, ஒரு கார் போயிற்று. அவர் வரவில்லை. ரோட்டோரம் விழுந்து கிடப்பவரை ஆம்புலன்ஸ் கொண்டுவந்தால் தன் மேஜைமேல்தான் கிடத்துவார்கள் என்ற நினைப்பு வந்தது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஏறினாள்.

அப்பா தொட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மழைச்சட்டையை எப்படியோ இரண்டு கையிலும் மாட்டிவிட்டார். கையுறைகள் கழன்று சேற்றில் கிடந்தன. ஜிப்பின் இரண்டு ஓரத்தையும் சேர்க்க முடியாமல், மெல்லிய சாவி வளையம் கோத்த அதன் நுனியைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். விரல்கள் மெழுகுவர்த்திபோல வெளுத்து, மடங்காமல் நீட்டிக்கொண்டு நின்றன.

அந்த வளையத்தை அவள் எத்தனையோ முறை துவைத்திருக்கிறாள். மெக்கானிக் புத்தி, எதிலாவது எதையாவது கோத்துவைப்பார் என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் சைக்கிளைப் போட்டுவிட்டுப் போய் ஜிப்பைப் பிடித்தாள். "விடு பாப்பா" என்று முகத்தைத் திருப்பினார். அவள் விடவில்லை. ஆஸ்பத்திரியில் முரண்டு பிடிக்கிறவர்களிடம் செய்வதுபோல, ஒன்றும் பேசாமல் ஓரங்களைச் சேர்த்து, கழுத்துவரை ஏற்றிவிட்டாள். அவர் தாடை நடுங்குவது அவள் கையில் தெரிந்தது.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டாள்.

"இது மூணாவது குளிர்காலம்."

"அவருக்குத் தெரியுமா?"

"மாப்பிள்ளைதான் போட்டுவிடுவாரு."

மழை ஹெல்மெட்டில் படபடத்தது. மூன்று குளிர்காலமாக மாடிப்படிக்கு அடியில் நடந்தது இதுதான். போனில் மழை, காற்று என்று மணிக்கணக்காக அலசியதற்கு உள்ளே இருந்ததும் எந்தச் சட்டையில் ஜிப் குறைவு, எந்தக் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றலாம் என்பதுதான். முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் பொத்தான் போட்டுவிடுகிறவள் அவள். சொந்த அப்பாவின் கழுத்து ஜிப்பை மட்டும் வேறொருவர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பரிதாபம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது அது இல்லை. மாப்பிள்ளை முன்னால் அப்பா இப்படி, குழந்தைபோல, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றிருப்பாரே என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. அது சுரீரென்று இறங்கியது.

இந்த விரல்களோடு பிரேக் பிடிக்க முடியாது. சைக்கிள் இரண்டையும் தானே தள்ளிக்கொண்டு, அவரை நடத்திக் கூட்டிக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு வந்தாள். காற்று அடிக்கிற மெஷின் பக்கத்தில் ஒரு மறைவு இருந்தது. அங்கே நிறுத்தி, சிவப்புச் சட்டையின் ஜிப்பைத் திறந்து, அவர் கைகள் இரண்டையும் இழுத்துத் தன் அக்குளில் வைத்து மூடிக்கொண்டாள். உள்சட்டைக்கு மேலாகவே அந்தக் குளிர் மீனைத் தொட்டதுபோல் இருந்தது. அவர் அவளைப் பார்க்காமல், பெட்ரோல் விலை போட்ட பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ சைக்கிளைப் பூட்டிச் சாவியை எடுத்துப்ப."

அது உண்மைதான். எடுத்திருப்பாள்.

"அவர் எடுத்துக்கமாட்டாரா?"

"அவரு கேள்வி கேக்கமாட்டாரு. கூட வந்தாலும் தனியா இருக்கிற மாதிரியே இருக்கும். முன்னால மெதுவா இறங்குவாரு. நான் உள்ளங்கையால பிரேக்கை அமுக்கிக்கிட்டே பின்னால வருவேன்." பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள்ள கத்திக்கத்தியே வேலை பார்த்தவன் நான். இந்த ஒரு காலையில யாரும் பேசாம இருந்தாப் போதும்னு இருக்கும்" என்றார்.

அவர் கைகள் அங்கே இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் இந்த மாதிரி ஒரு வேளை வாய்க்காது.

"சின்ன வயசுல நானும் வரேன்னு கேட்டேன். ஏம்ப்பா கூட்டிட்டுப் போகல?"

அவர் நெற்றியைச் சுருக்கினார். "கேட்டியா?"

"கேட்டேன். மழை பெஞ்சுது. குளிரும், உள்ள போன்னீங்க."

அவர் நிஜமாகவே யோசித்தார். "எனக்கு ஞாபகமில்லையே பாப்பா" என்றார்.

முப்பத்து நாலு வருஷமாக அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது அவரிடத்தில் இல்லவே இல்லை. அழுகை வரும்போலிருந்தது, சிரிப்பும் வரும்போலிருந்தது. இரண்டும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அவர் விரல்களில் ரத்தம் திரும்பியது. திரும்பும்போது அது நெருப்பாக வலிக்கும்போல, உதட்டைக் கடித்துக்கொண்டார். கைகளை உருவிக்கொள்ளவில்லை.

டீசல் போடுகிறவர்கள் கையில் மாட்டிக்கொள்ள மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் பம்ப் ஓரத்தில் தொங்கின. அதில் நாலு உருவினாள். கடையில் இரண்டு காபி வாங்கிக் குடிக்கவைத்து, அந்த உறையை அவர் கையில் இரட்டையாக மாட்டி, அதற்குமேல் தன்னுடைய, அவ்வளவாக நனையாத கையுறையைப் போட்டுவிட்டாள். அவருடைய நனைந்ததைத் தான் மாட்டிக்கொண்டாள். அது ஐஸ் கட்டிக்குள் கையை விட்டதுபோலிருந்தது. பீரோ மேல் கிடக்கிற கையுறை நினைவுக்கு வந்தது. தப்பு தன்னுடையதுதான் என்று மனசு சொல்லியும், கோபம் அதைக் கேட்காமல் கணவர்மேலேயே போய் உட்கார்ந்தது.

அவள் முன்னால் மெதுவாக இறங்கினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் பிரேக் கீச்சிடுகிறதா என்று காதை வைத்துக்கொண்டே வந்தாள்.

மாடிப்படிக்கு அடியில் கணவர் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். கன்னம் அப்படியேதான் இருந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ. அப்பா சைக்கிளைவிட்டு இறங்கி, பழக்கதோஷத்தில் நேராக அவர் முன்னால் போய் நின்று கழுத்தை நிமிர்த்தினார். கணவர் ஜிப்பில் கை வைத்தார். வைத்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தார். கை அங்கேயே நின்றுவிட்டது.

"கழட்டுங்க. நனைஞ்சு போயிருக்காரு" என்றாள். இரண்டு இரண்டு படியாக மேலே ஏறிப் போய்விட்டாள்.

அப்பா காபி குடித்துவிட்டுப் போனபின் துவைக்கிற மெஷின் பக்கத்தில் சண்டை நடந்தது. சண்டை என்றால் அவள் பேசினாள், அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதை மறைக்க எப்படி மனசு வந்தது, அவர் விழுந்து இடுப்பெலும்பு ஒடிந்திருந்தால் நான்தானே படம் எடுத்திருக்க வேண்டும், என் அப்பாவா உங்கள் அப்பாவா என்றெல்லாம் கேட்டாள்.

அவர் கடைசியில் சொன்னார்: "மாமா வாக்கு வாங்கிட்டாரு. நான் என்ன செய்யறது? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கதவைத் திறக்கும்போது உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ நினைக்கிற மாதிரி அவரு என்மேல உயிரை விடல. என்கிட்ட அவருக்கு வெக்கம் இல்ல, அவ்வளவுதான்."

"அதுதான் எனக்கு வேணும்" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அது தனக்கே தெரிந்தது. மெஷின் மூடியைப் படாரென்று சாத்தினாள்.

இரண்டு நாள் கணவரோடு பேச்சு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் அவர் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த மனுஷனிடம் வீம்பு பிடிக்க முடியாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

அப்பாவைத் தன் ஆஸ்பத்திரிக்கே இழுத்துப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினாள். குளிரில் விரலுக்குப் போகிற ரத்தக் குழாய் சுருங்கிக்கொள்கிறது, கையை மட்டுமில்லை, மார்பையும் சூடாக வைத்தால்தான் விரலுக்கு ரத்தம் போகும் என்றார் டாக்டர். சைக்கிளை விடச் சொல்வார் என்று அப்பா அவள் முகத்தையே பார்த்தார். டாக்டர் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

அங்கிருந்து நேரே சைக்கிள் துணிக்கடை. இந்த முறை ஸ்டூலில் உட்கார்ந்தது அப்பா. அவள்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துப் போடவைத்து, கழற்றவைத்துப் பார்த்தாள். இரண்டிரண்டு விரல் சேர்ந்து உள்ளே போகிற, நண்டுக் கொடுக்கு மாதிரி ஒரு தடித்த கையுறை இருந்தது. விரல்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருப்பதால் சூடு நிற்கும், பிரேக்கும் பிடிக்கலாம். அசிங்கமாக இருக்கிறது என்றார். அதைத்தான் வாங்கினாள். ஜிப்புக்குப் பதில் காந்தப் பொத்தான் வைத்த ஒரு கையில்லாச் சட்டையும், மார்புக்குக் கனமான கம்பளி உள்சட்டையும் எடுத்தாள். மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்று அவர் இரண்டு தடவை இழுத்தார். அவள் காது கேட்காதவள்போல் இருந்துகொண்டாள். தனக்கும் ஒரு சட்டை எடுத்தாள். தன் அளவில், காற்றோட்டமுள்ள லேசான சாம்பல் நிறச் சட்டை. நிறத்தைப் பற்றி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அக்குள் தையலை மட்டும் இழுத்துப் பார்த்து, "பரவாயில்ல" என்றார்.

அடுத்த மழை ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கிளம்பினார்கள். வாசலில் அவளுக்குக் கொஞ்சம் குளிரத்தான் செய்தது. அப்பா பேசவில்லை, கணவரும் பேசவில்லை. அவளுக்கும் ஏறும்போது மூச்சு சரியாக விட்டாலே போதும் என்றிருந்தது. பேசாமல் போவதும் பழகினால் ஒரு மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

தொட்டியடியில் நின்றார்கள். புதுக் கையுறை உபயத்தில் விரல்கள் முழுசாக வெளுக்கவில்லை. ஆனாலும் மழைச்சட்டையின் ஜிப் அவருக்கு வசப்படவில்லை. கொஞ்சம் போராடிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். அவள் குன்றின் அடுத்த பக்கத்தைப் பார்ப்பதுபோல் நின்றுகொண்டாள். அந்தப் பழைய எரிச்சல் இடம் மாறாமல் அங்கேயே இருந்தது.

கணவர் அப்போது குனிந்து தன் ஷூ உறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். அது சரியாகத்தான் இருந்தது. அவர் விடாமல் இழுத்தார். ஒரு காலை முடித்துவிட்டு இன்னொரு காலுக்குப் போனார். அப்பா கொஞ்ச நேரம் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு, கை இரண்டையும் தொங்கவிட்டபடி மழையில் நின்றார். பிறகு வேறு வழியில்லாமல் அவள் பக்கம் திரும்பி, கழுத்தை நிமிர்த்தினார்.

கணவர் விட்டுக்கொடுக்கிறார் என்று அவளுக்குப் புரியாமலில்லை. யார்மேல் அத்தனை வருஷம் வயிறெரிந்தாளோ, அவர் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு கணம் கசந்தது. இருந்தாலும் வாங்கிக்கொண்டாள். ஜிப்பைக் கழுத்துவரை ஏற்றி, காலரை மடித்துவிட்டு, தாடையில் நின்ற தண்ணியைப் புறங்கையால் துடைத்தாள்.

"இறுக்கமா இருக்கா?"

"இல்ல, சரியா இருக்கு" என்றார் அப்பா. "நீ முன்னால போ. மெதுவாப் போ."

கணவர் நிமிர்ந்து, ஒன்றுமே பார்க்காதவர்போல ஹெல்மெட் பட்டையை மாட்டிக்கொண்டார். அவள் தன் சாம்பல் சட்டையை இழுத்து மூடிக்கொண்டு முதல் ஆளாக இறங்க ஆரம்பித்தாள்.